எருமையின் வயிற்றில் விரிசல்

இந்தக் காலத்து ஆட்களுக்கு ஒரு பொருள் உடைந்தால், எங்கே உடைந்தது என்று குனிந்து பார்க்கத் தெரியாது. யார் தலையில் கட்டலாம் என்று சுற்றிப் பார்க்கத்தான் தெரியும். முன்பெல்லாம் உடைத்தவன் நான்தான் உடைத்தேன் என்பான், நாலு திட்டு வாங்குவான், சாயங்காலம் திட்டினவனோடு உட்கார்ந்தே பீர் குடிப்பான். இப்போது விசாரணைக் குழு போடுகிறார்கள். குழுவில் மூன்று பேர். மூன்று பேரில் ஒருத்தன்கூட உடைந்த பொருளைத் தொட்டுப் பார்த்திருக்க மாட்டான்.

இதை ஸ்கோபால் மனதுக்குள் சொல்லிக்கொள்ளவில்லை. ஹெட்விகாவின் வேனில் உட்கார்ந்தபடி, ஜாவோரோவ் நகர அரங்கத்தின் பின்வாசலைப் பார்த்து உரக்கவே சொன்னார்.

அவருக்கு வயது எழுபத்தொன்று. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். அந்த அரங்கத்து இசைக்குழுவின் டபுள் பாஸ்களை முப்பத்தெட்டு வருஷம் சுமந்தவர். ஆளைவிட உயரமான அந்த வாத்தியங்களில் எது படியேறும்போது எந்தப் பக்கம் சாயும் என்று அவர் தோளுக்கு இன்றைக்கும் தெரியும். ஓய்வு பெற்ற மறுவருஷம், காணாமல் போன ஒரு டிராம்போனைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். அன்றிலிருந்து ஊரில் எது தொலைந்தாலும், எது பொய்யாகப் பட்டாலும் அவர் கதவைத்தான் தட்டுகிறார்கள். துப்பறிகிறவர் என்று யாராவது சொன்னால் கெட்ட கோபம் வரும். யாரையும் நம்புவதில்லை, அதுதான் என் தொழில், வேறு ஒன்றும் தெரியாது என்பார்.

"பெரியவரே, கதவு பயந்துபோச்சு. உள்ள போலாமா?" என்றாள் ஹெட்விகா.

இருபத்தாறு வருஷம் டிராம் ஓட்டிவிட்டு வந்தவள். அவர் போகிற இடத்துக்கெல்லாம் வேன் ஓட்டுவதும், அவர் வாயை அடக்குவதும் அவள் பொறுப்பு. முதல் வேலை நன்றாகச் செய்வாள்.

மணி ஒன்றேகால். நாலு மணிக்கு ஓட்டெடுப்பு.

பின்வாசல் வழியே போனால் மூன்றாவது அறையில் இவோனா காத்திருந்தாள். முப்பது வயது இருக்கும். கண் வீங்கியிருந்தது, ஆனால் அழவில்லை. அழுது முடித்திருந்தாள். அவளுக்குப் பின்னால் இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டு, போர்வை விரித்து, அந்த வாத்தியத்தைச் சாய்த்துப் படுக்க வைத்திருந்தார்கள். அரங்கத்தில் அதற்குப் பெயர் எருமை. நூற்று நாற்பது வருஷத்து மரம், கறுத்த பழுப்பு, அகலமான இடுப்பு. ஸ்கோபால் அதை ஒரு பார்வை பார்த்தார். மேல்பலகையில், தந்திகளைத் தாங்குகிற குதிரைக் கட்டைக்குக் கீழே, ஒன்றரைச் சாண் நீளத்துக்கு விரிசல் ஓடியிருந்தது. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

இவோனா நடந்ததைச் சொன்னாள். எருமைக்கு வயிறு பலவீனம். ஜனவரியில் ஹீட்டர் போட்டால் மரம் காய்ந்து இன்னும் நொய்ந்துபோகும். அதனால் அக்டோபரிலேயே, வாத்தியம் செய்கிற பெட்நார் தன் பட்டறையில் வைத்து அதற்கு இளகிய தந்தி போட்டுக் கொடுத்தார். இழுப்பு குறைவு, பலகையை அழுத்தாது. அந்தத் தந்திகளின் நுனியில் சிவப்புப் பட்டு நூல் சுற்றியிருக்கும். குழுவில் மற்ற நாலு பாஸ்களுக்கும் கடினத் தந்தி, கறுப்பு நுனி. பாஸ்காரர்களின் தலைவர் மிகுலா இளகிய தந்தியைப் பார்த்து, இது வாத்தியத் தந்தியா, தலையணைக்குள் வைக்கிற தந்தியா என்று எல்லார் முன்னாலும் சிரித்திருக்கிறார்.

திங்கட்கிழமை காலை ஒத்திகை. மேடையில் விளக்கு மங்கல்.

"வில்லை வெச்ச உடனே தெரிஞ்சுது ஐயா. தந்தி கம்பி மாதிரி விறைச்சு நிக்குது. மிகுலா சார்கிட்ட சொன்னேன். ஹீட்டர் காத்து அப்படித்தான் பண்ணும், பேசாம வாசின்னார். இருபது நிமிஷம்தான். டப்புனு ஒரு சத்தம்."

சத்தம் கேட்டதும் மிகுலா ஓடிவந்து எருமையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாராம். மேலாளர் வரும்வரை, முக்கால் மணி நேரம், கையை எடுக்கவே இல்லையாம். நல்ல வெளிச்சம் போட்டுப் பார்த்தபோது எருமையின் தந்தி நுனி நாலும் கறுப்பு. யாரோ கடினத் தந்தி மாட்டியிருக்கிறார்கள். மிகுலாவும் மேலாளரும் சேர்ந்து போய் இவோனாவின் அலமாரியைத் திறந்தார்கள். உள்ளே கடினத் தந்தியின் காலி உறைகள் நாலு.

விசாரணைக் குழுவுக்கு அது போதும். சத்தம் பெரிதாக வரவேண்டும் என்ற ஆசையில் பட்டறைக்காரர் சொன்னதை மீறி அவளே தந்தி மாற்றினாள், பலகை தாங்கவில்லை. அறிக்கை தயார். தந்தி விறைப்பாக இருப்பதாக அவள் தன்னிடம் சொல்லவே இல்லை என்று மிகுலா எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இவோனா ஆறு வருஷம் ஏழு ஊர்களில் மாற்றாளாக வாசித்தவள். யாருக்காவது காய்ச்சல் வந்தால்தான் அவளுக்கு வேலை. இதுதான் முதல் நிரந்தர இடம், அதுவும் ஒரு வருஷம் சோதனைக்கு. அந்த வருஷம் இன்றோடு முடிகிறது. நாலு மணிக்கு இசைக்குழு கை தூக்கினால் இருப்பாள். தூக்காவிட்டால், எருமையைக் கொன்றவள் என்ற பெயரோடு போவாள். அப்புறம் மொராவியாவில் எந்த ஊரிலும் அவளை மேடையேற்ற மாட்டார்கள்.

அலமாரியைப் பூட்டி வைத்திருந்தாளா என்று ஸ்கோபால் கேட்டார்.

"இங்க யாரும் பூட்ட மாட்டோம் ஐயா. பூட்டினா கூட வாசிக்கிறவங்களை நம்பலைன்னு அர்த்தமாம். மிகுலா சார் வெச்ச வழக்கம்."

"நல்ல வழக்கம்" என்றார் ஸ்கோபால். அவர் அப்படிச் சொன்னால் அதற்கு நேரெதிர் அர்த்தம் என்று ஹெட்விகாவுக்குத் தெரியும்.

அவர் எருமையின் பக்கத்தில் மண்டியிட்டார். முழங்கால் சத்தம் போட்டது. தந்திகளைக் கட்டைவிரலால் தடவினார். விரல் அழுத்துகிற இடங்களில் தந்தி தேய்ந்து பளபளவென்று இருந்தது. புதுத் தந்தி போட்டாளாம், உறை கிடைத்ததாம். இது ஐந்து மாதம் அடி வாங்கின தந்தி. வேறு ஏதோ ஒரு பாஸில் இருந்து கழற்றியது. இதைக்கூடத் தடவிப் பார்க்காமல் மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அவருக்குக் காது சிவந்தது.

"அப்போ அந்த வேறொரு பாஸ்ல இப்போ சிவப்பு நுனி இருக்கணுமே" என்றாள் ஹெட்விகா.

மற்ற நாலு பாஸ்களும் மேடையில் நிற்கின்றன, நாலுக்கும் கறுப்பு நுனிதான், எண்ணிப் பார்த்துவிட்டேன் என்றாள் இவோனா. அப்படியானால் சிவப்புத் தந்தியை ஆற்றில் போட்டிருப்பார்கள் என்றாள் ஹெட்விகா. ஆறு உறைந்து கிடக்கிறது, போட்டால் மேலேயே கிடக்கும், போய்ப் பார் என்றார் ஸ்கோபால்.

பிறகு ஹெட்விகாவிடம் அவளுடைய பவுடர் டப்பாவைக் கேட்டார். உங்க முகத்துக்கு ஒரு டப்பா பத்தாது பெரியவரே என்று சொல்லிக்கொண்டே கொடுத்தாள். அதன் கண்ணாடியை எருமையின் வளைந்த துளை வழியாக உள்ளே நீட்டி, டார்ச் அடித்தார்.

டபுள் பாஸின் வயிற்றுக்குள், மேல்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவில், ஒரு சின்னக் கட்டை நிற்கும். பசையும் கிடையாது, ஆணியும் கிடையாது. தந்திகளின் அழுத்தத்தில் மட்டுமே நிற்கும். சத்தம் அதன் வழியாகத்தான் போகும். அந்த நாட்டுக்காரர்கள் அதை உயிர் என்றுதான் சொல்வார்கள். பெட்நார் தான் வைக்கிற ஒவ்வொரு உயிரின் தலைப்பக்கத்திலும் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போடுவார். எருமையைப் பட்டறைக்கு நூறு தடவை தூக்கிப் போயிருக்கிற ஸ்கோபாலுக்கு அந்தக் குறி பழக்கம்.

குறி இருந்தது. கட்டையின் காலடியில் இருந்தது.

அதற்குச் சற்று மேலே, வரிசையாக மூன்று புள்ளிகள், எறும்பு கடித்த மாதிரி.

அவர் எழுந்தார். விரிசல் விட்ட பிறகு தந்தியை யார் தளர்த்தியது என்று கேட்டார். நான்தான், பாதி மட்டும் இறக்கினேன், முழுக்க இறக்கினால் உயிர் விழுந்துவிடும் என்றாள் இவோனா. இந்தக் கட்டடத்தில் மூளை உள்ளது உன் ஒருத்திக்குத்தான், அதான் துரத்தப் பார்க்கிறார்கள் என்றார் அவர்.

பெட்நாரின் பட்டறை மூன்று தெரு தள்ளி. உள்ளே போகிற யாரும் பூட்ஸைக் கழற்றி, வாசலில் கூடையில் கிடக்கிற கம்பளிச் செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டும். நகரத் தந்தை வந்தாலும் அதுதான் விதி. ஸ்கோபாலின் காலுறையில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. இதுதான் இன்றைக்குக் கிடைத்த முதல் தடயம் என்றாள் ஹெட்விகா. அவர் உயிர்க்கட்டை தலைகீழாக நிற்கிறது என்று பெட்நாரிடம் நேராகச் சொன்னார்.

பெட்நார் கையில் இருந்த உளியை மெதுவாக மேஜைமேல் வைத்தார். மெல்லிய மனிதர், குரல் உயர்த்தாதவர். இப்போதும் உயர்த்தவில்லை.

"தலைகீழாவா?"

கட்டையின் இரண்டு முனையும் ஒரே மாதிரி இல்லை என்று அவர் விளக்கினார். மேல்பலகையின் வளைவுக்கு ஒரு சரிவு, அடிப்பலகைக்கு வேறு சரிவு. மயிரிழை இடைவெளி இல்லாமல் செதுக்க ஒரு பகல் போகும். தலைகீழாக வைத்தால் முனை முழுசாகப் படியாது, ஒரு விளிம்பு மட்டும் உளி மாதிரி பலகையில் குத்தி நிற்கும். அதன்மேல் கடினத் தந்தியையும் ஏற்றினால் இருபது நிமிஷம் தாங்கினதே பெரிசு.

"தந்தியை ஒண்ணு கழட்டணும், ஒண்ணு மாட்டணும், அப்புறம்தான் அடுத்ததைத் தொடணும். நாலையும் ஒரேயடியா உரிச்சா அழுத்தம் போயி உயிர் விழுந்துடும். பட்டறையை மொழுக வர்ற அம்மாவுக்கே இது தெரியும்."

"அப்போ தெரியாதவன் பண்ணின வேலை" என்றாள் ஹெட்விகா.

"தெரிஞ்சவன்தான். அவசரத்துல பண்ணியிருக்கான்" என்றார் ஸ்கோபால்.

விழுந்த உயிரை எப்படி நிறுத்துவீர்கள் என்று கேட்டார். பெட்நார் சுவரில் தொங்கிய வளைந்த இரும்பை எடுத்துக் காட்டினார். அதன் நுனியில் கூர் ஒன்றே ஒன்று. கட்டையில் அதைக் குத்தி, துளை வழியாக உள்ளே விட்டு நிமிர்த்த வேண்டும். ஊரில் அந்த இரும்பு இருப்பது இவரிடம் மட்டும்தான்.

எருமையின் உயிரில் மூன்று குத்து இருக்கிறது என்றார் ஸ்கோபால். ஒரே வரிசையில், சின்னதாக.

ஹெட்விகா கம்பளிச் செருப்பில் ஒரு காலை மடக்கி நின்று யோசித்தாள். "மூணு பல்லு. அந்தத் துளைக்குள்ள நுழையற அளவு சின்னது. பெரியவரே, நாம தேடறது கேக் சாப்பிடற முள்கரண்டி."

அவர் அவளைப் பாராட்டவில்லை. செருப்பை மாற்றிக்கொள்ளாமலே வாசலில் இறங்கினார். பெட்நார் பின்னால் வந்து கம்பளிச் செருப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

அரங்கத்தின் சிற்றுண்டிக் கடையை நடத்துகிறவள் போஹுனா. அவளிடம் முள்கரண்டி என்ற சொல்லை எடுத்ததும் புகார் கொட்டியது. கேக் கரண்டி இருபத்துநாலு இருந்தது, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இருபத்துமூன்று. கலைஞர்கள் என்று பெயர், கரண்டி திருடுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் குழந்தைகளுக்கான நிகழ்ச்சி. சாயங்கால நிகழ்ச்சிக்கு முன்னால் ஒன்றரை மணி நேர இடைவெளி. இவோனாவுக்குச் சாயங்காலம் வேலை இல்லை, வீட்டுக்குப் போய்விட்டாள். எருமை தனியாக நின்றது.

ஹெட்விகா வழியெல்லாம் ராதிம் பெயரையே சொல்லிக்கொண்டு வந்தாள். ராதிம் இப்போது மாற்றாளாக வாசிக்கிறவன். இவோனா போனால் அந்த இடம் அவனுக்கு. காரணம் கண்ணாடி மாதிரி தெரிகிறது என்பது அவள் கட்சி. போதாததற்கு ஞாயிற்றுக்கிழமை ராதிம் மூன்று கொலாச் தின்றான் என்று போஹுனாவே சொன்னாள், நடுவில் கசகசா வைத்த வட்டமான இனிப்பு ரொட்டி.

"ஆச்சு. மூணு கொலாச், ஒரு முள்கரண்டி" என்றாள் ஹெட்விகா.

போஹுனா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "கொலாச்சுக்கு யாரும்மா கரண்டி கேப்பாங்க? நீ எந்த ஊரு? கையில எடுத்துக் கடிக்கிறதுதானே."

ஹெட்விகா வாயை மூடிக்கொண்டாள். வருஷத்துக்கு இரண்டு தடவை நடப்பது.

அப்படியானால் கேக் கரண்டியை யார் கேட்டு வாங்கினார்கள் என்று ஸ்கோபால் கேட்டார். போஹுனா யோசிக்கவே இல்லை. அவளுக்கு அது மூன்று நாளாக நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்தது.

"மிகுலா. காடியில ஊறின சாஸேஜ் கேட்டார், வெங்காயத்தோட குடுத்தேன். பெரிய கரண்டி வெச்சேன். அதை ஓரமாத் தள்ளிட்டு சின்னது வேணும்னார். சாஸேஜை யாராவது கேக் கரண்டியால சாப்பிடுவாங்களா? அப்புறம் போய்ப் பாக்கறேன், சாஸேஜ் அப்படியே கிடக்கு. கரண்டியைக் காணோம்."

ஸ்கோபால் கடையின் நாற்காலியில் உட்கார்ந்தார். முப்பது வருஷம் மிகுலாவின் பாஸைத் தூக்கியிருக்கிறார். பார்த்து வா, சுவரில் இடிக்காதே என்று முப்பது வருஷம் அவர் சொல்லக் கேட்டிருக்கிறார். ஒரு தடவைகூட இடித்ததில்லை. 

"மிகுலாவோட பாஸ்லயும் கறுப்பு நுனிதானே இருக்கு, பெரியவரே" என்றாள் ஹெட்விகா. கிண்டல் இல்லாமல் கேட்டாள். "அவர் எதுக்கு எருமைகிட்ட போகணும்?"

"உன் சாராயக் குப்பி நிரம்பியிருக்கா?"

நிரம்பியிருந்தது. வீட்டில் காய்ச்சின பிளம் சாராயம். ஜலதோஷத்துக்கு என்று சொல்லி வருஷம் முழுக்க வைத்திருப்பாள்.

ஒத்திகைக் கூடத்தில் மணி மூன்றே முக்காலுக்கு எல்லாரும் கூடிவிட்டார்கள். மேலாளர் கையில் அறிக்கை. ஓரத்தில் இவோனா தனியாக உட்கார்ந்திருந்தாள், அவளுக்கு இரண்டு பக்கமும் காலி நாற்காலி. அதைப் பார்த்ததும் ஸ்கோபாலுக்கு இன்னும் ஏறியது. இன்னும் ஓட்டே எடுக்கவில்லை, அதற்குள் நாற்காலியை விட்டுவிட்டார்கள்.

வெளியாட்கள் இருக்கக் கூடாது என்றார் மேலாளர். நான் வெளியாள் என்றால் உங்கள் கூடத்துக் கதவு ஏன் என் தோள்பட்டை அகலத்துக்குத் தேய்ந்திருக்கிறது என்று கேட்டுவிட்டு, ஸ்கோபால் நேராகப் பாஸ்கள் நிற்கிற வரிசைக்குப் போனார். நாலு பாஸ். நாலுக்கும் கறுப்பு நுனி. மூன்றாவது, மிகுலாவின் பாஸ். அதன் முன்னால் நின்று குனிந்தார்.

தந்திகளைத் தாங்குகிற குதிரையின் இரண்டு கால்களிலும் ஒவ்வொரு பித்தளைச் சக்கரம் இருக்கும். திருகினால் குதிரை உயரும், தந்தியும் உயரும். மிகுலா தந்தியைத் தாழ்த்தி வைத்து வாசிக்கிறவர். அந்தச் சக்கரங்கள் எப்போதும் அடிமட்டத்தில் களிம்பு பிடித்துக் கிடக்கும். இப்போது சக்கரத்துக்குக் கீழே திருகின் மரைகள் இரண்டு சுற்றுக்குப் புதுப் பித்தளையாக மின்னின.

"அதைத் தொடாதே ஸ்கோபால்" என்றார் மிகுலா. அறுபத்து மூன்று வயது, நல்ல கோட்டு, வெள்ளை மீசை.

"குதிரையை எதுக்கு உசத்தினீங்க?"

"குளிர்காலத்துல எல்லாரும் உசத்துவாங்க. பலகை உள்வாங்கும், தந்தி தாழும். உனக்கு அதெல்லாம் எதுக்கு?"

"முப்பது குளிர்காலம் நான் தூக்கியிருக்கேன். நீங்க உசத்தினதே இல்ல."

ராதிம் பக்கத்தில் நின்றிருந்தான். இளகிய தந்தி அகலமாக ஆடும், விரல்பலகையில் அடித்துக் கரகரக்கும், அதற்குத்தான் உயர்த்துவார்கள் என்று யாரும் கேட்காமலே சொன்னான். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. மிகுலாவைப் பார்த்தான்.

ஸ்கோபால் கைக்குட்டையை எடுத்தார். ஹெட்விகா குப்பியைத் திறந்து அதில் நனைத்தாள். நல்ல சரக்கு, வீணாகிறது என்றாள் மெதுவாக. மிகுலா ஓரடி முன்னால் வந்தார். ஹெட்விகா நடுவில் நின்றுகொண்டாள். டிராமை நிறுத்தி வைக்கிற மாதிரி நின்றாள்.

ஸ்கோபால் தந்தியின் கறுப்பு நுனியை ஈரக் கைக்குட்டையால் பிடித்து நாலு தேய் தேய்த்தார். கைக்குட்டை கறுத்தது. கூடத்தில் பூட்ஸ் பாலிஷின் வாடை எழுந்தது. அவர் கையை எடுத்தார்.

நுனி சிவப்பு.

அடுத்ததையும் தேய்த்தார். சிவப்பு. மூன்றாவதைத் தேய்க்கவில்லை. தேவையில்லை. தலைகீழாய் நிற்கிற உயிரையும் அதில் இருக்கிற மூன்று குத்தையும் சொன்னார். தின்னாத சாஸேஜையும் காணாமல் போன கரண்டியையும் சொன்னார்.

 மிகுலா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். இடது கையை மடியில் வைத்து வலது கையால் மூடிக்கொண்டார். பிறகு அந்தக் கையைத் திறந்து காட்டினார். விரல் மூட்டுகள் வீங்கி முடிச்சு முடிச்சாக இருந்தன.

"ரெண்டு வருஷமா இப்படி. கடினத் தந்தியை அழுத்த முடியல. பெட்நார்கிட்ட இளகினதைக் கேட்டா மறுநாளே ஊருக்கெல்லாம் தெரிஞ்சிடும், வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. எருமை கடினத் தந்தியையும் தாங்கும்னு நினைச்சேன். அவசரமா உரிச்சேன், உயிர் விழுந்துடுச்சு. நிமித்தி வெச்சேன். சரியா நிக்குதுன்னுதான் நினைச்சேன்."

கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் இளகிப்போனார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். ஸ்கோபால் இளகவில்லை. முப்பது வருஷமாக மிகுலாவை நீங்கள் என்று கூப்பிட்டவர், இப்போது அதை விட்டார்.

"கை வலிக்குதுன்னா வாயைத் திறந்து சொல்லணும். எனக்கும் முதுகு போச்சு, சொல்லிட்டுப் போனேன். உன் பாஸ்ல ஒண்ணு ஒண்ணாக் கழட்டி, ஒண்ணு ஒண்ணா மாட்டியிருக்க. உன் உயிர் விழல. அவளோடதை மட்டும் கோழியை உரிக்கிற மாதிரி மொத்தமா உரிச்ச. தந்தி விறைப்பா இருக்குன்னு அந்தப் பொண்ணு வந்து சொன்னப்ப, என்ன மாட்டியிருக்கோம்னு உனக்குத் தெரியும். வாசின்ன. அப்புறம் அவ சொல்லவே இல்லைன்னு கையெழுத்துப் போட்ட. அதுக்கு மட்டும் விரல் மடங்கிச்சா?"

மிகுலா தலை குனிந்தார். பதறிப்போய்விட்டேன் என்றார். விரிசலைப் பார்த்ததும் புத்தி தடுமாறிவிட்டது, அந்தப் பதற்றத்தில்தான் உறைகளை அவள் அலமாரியில் வைத்துவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்று இவோனாவைப் பார்த்துச் சொன்னார்.

மேலாளர் அறிக்கையை நாலாக மடித்துக் கோட்டுக்குள் வைத்தார். வருத்தமான சம்பவம், ஆனால் மனித இயல்பு என்றார். மிகுலாவுக்கு மருத்துவ விடுப்பு, எருமைக்குப் பட்டறை, இவோனாவுக்கு ஓட்டெடுப்பு. கைகள் உயர்ந்தன. எல்லாக் கைகளும். வீங்கின மூட்டுகளோடு மிகுலாவின் கையும். இவோனாவுக்கு இரண்டு பக்கமும் இருந்த காலி நாற்காலிகளில் சட்டென்று ஆள் உட்கார்ந்துவிட்டார்கள். யாரோ அவள் தோளைத் தட்டினார்கள். அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள், இந்தத் தடவை அழுகை வந்தது.

எல்லாரும் எதிர்க் கடையில் பீர் குடிக்கப் போகலாம் என்றார் மேலாளர். மிகுலா எழுந்து வந்து ஸ்கோபாலிடம் கையை நீட்டினார்.

ஸ்கோபால் அந்தக் கையைப் பார்த்தார்.

"திங்கக்கிழமை டப்புனு சத்தம் வந்ததும் ஓடிவந்து எருமையைப் பிடிச்ச. மேலாளர் வர்ற வரைக்கும் முக்கால் மணி நேரம் கையை எடுக்கல. அப்புறம் அவரோட சேர்ந்தே போய் அலமாரியைத் திறந்த. நடுவுல எப்ப போய் உறையை வெச்ச? சத்தம் வர்றதுக்கு முன்னாடியே வெச்சிருக்க, இல்லையா?"

மிகுலாவின் கை நீட்டினபடியே நின்றது.  அதெல்லாம் முடிந்த கதை, இப்போது எதற்கு என்றார் மேலாளர். கலைஞர்கள் கோட்டை மாட்டிக்கொண்டார்கள். ஒருத்தன் சிரித்துக்கொண்டே மிகுலாவின் முதுகைத் தட்டி வெளியே கூட்டிப்போனான்.

இவோனா மட்டும் பின்னால் ஓடிவந்தாள். அவரும் பீர் குடிக்க வரவேண்டும் என்றாள். மிகுலா சார் மனசாரத்தான் மன்னிப்புக் கேட்டார், பார்க்கவே பாவமாக இருந்தது என்றாள்.

"இன்னிக்கே போய் உன் அலமாரிக்கு ஒரு பூட்டு வாங்கு" என்றார் ஸ்கோபால்.

பின்வாசலில் பனி சேறாகிக் கிடந்தது. ஹெட்விகா வேனின் கதவைத் திறந்து வைத்து, ஜெயித்துவிட்டோமே பெரியவரே, அந்த மூஞ்சியைக் கொஞ்சம் தளர்த்தலாமே என்று கேட்டாள். எதிர்க் கடையில் அதற்குள் கண்ணாடிக் கோப்பைகள் மோதுகிற சத்தம் கேட்டது. அவர் கறுத்துப்போன கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, வேனில் ஏறாமல், கடையைத் திரும்பிப் பாராமல், சேற்றில் காலை ஊன்றி ஊன்றி வீட்டைப் பார்த்து நடந்தார்.